ராணிக்கு வந்த குரல்

பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் போன ஐப்பசியில் காரைக்காலில் நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

ஷிஃபா டப்பிங் கலைஞர். மூன்று வருடமாக வெறும் எழுத்திலேயே ஓடிய ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு முழுக்கக் குரல் சேர்க்க முடிவு செய்தார்கள். அதில் வரும் ராணிக்கு மட்டும் ஒன்பதாயிரம் வரி. ஷிஃபா தன் அறையிலேயே பேசிப் பதிவு செய்து சென்னைக்கு மெயிலில் அனுப்புவாள். முந்நூறு வரி முடிப்பதற்குள் தொண்டை போய்விட்டது. குரல்நாணில் கட்டி. தஞ்சாவூரில் ஆபரேஷன், ஒரு மாதம் பேசக் கூடாது.

"தேறி வாங்க. அதுவரைக்கும் காத்திருக்கோம்" என்றார் இயக்குநர் சிவநாதன்.

ஷிஃபாவும் அவள் அம்மாவும் பக்கத்து வீட்டு ஜெனிஷாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து தோழி. ஷிஃபாவின் பாஸ்வேர்டு வரை தெரிந்தவள்.

மாதம் முடிந்து ஷிஃபா திரும்பினாள். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. புண் ஆறிவிட்டது, குரல் ஏன் வரவில்லை என்று புரியவில்லை என்றார் டாக்டர்.

அதே வாரம் குரல் சேர்த்த விளையாட்டு வெளியானது. ஹெட்போனை மாட்டினாள்.

ராணி பேசினாள்... ஷிஃபாவின் குரலில். ஒன்பதாயிரம் வரியும்.

மெஷினை வைத்துத் தன் குரலைத் திருடிவிட்டார்கள் என்று சிவநாதனுக்கு மெசேஜ் அனுப்பினாள்.

"நீங்கதானே தினமும் அனுப்புனீங்க?" என்று பதில் வந்தது.

மெயிலைத் திறந்தாள். எல்லாம் அவள் முகவரியிலிருந்தே போயிருந்தன. ஒரு பதிவை ஓடவிட்டாள். வசனத்துக்குப் பின்னால் மெல்லிய சத்தம்.

டக்... டக்... டக்...

அவள் அறை மின்விசிறி.

சாவி இருந்தது ஒருத்தியிடம்தான்.

ஜெனிஷாவைக் கூப்பிட்டு, தாளில் எழுதி நீட்டினாள். 'என் ரூமுக்குள்ள யார விட்ட?'

ஜெனிஷாவின் முகம் சுருங்கியது.

"யாரையும் விடல. செடிக்குத் தண்ணி ஊத்த வந்தேன். உள்ள நீதான் பேசிக்கிட்டு இருந்த. கதவு உள்பக்கம் தாழ்ப்பாள். 'நீ எப்படி வந்த?'ன்னு கேட்டேன். 'சத்தம் போடாத, அப்புறம் வா'ன்ன. எங்கிட்டகூடச் சொல்லாம வந்துட்டியேன்னு அன்னிக்கு அழுதுட்டே போனேன்."

'என்னைக்கு?'

"பதினேழாந் தேதி. பதினொன்னே கால் இருக்கும்."

ஷிஃபா ஆஸ்பத்திரித் தாளைத் தேடி எடுத்தாள்.

பதினேழு. மயக்க மருந்து கொடுத்த நேரம் 10.50.

நினைவு திரும்பியது... 12.05.

அன்றே பூட்டை மாற்றினாள். பாஸ்வேர்டையும்.

மறுநாள் பகல் 3.40. சிவநாதனின் மெசேஜ்.

"நீங்க இன்னிக்கு அனுப்புன புது வசனம் வந்துருச்சு. அந்தச் சிரிப்பு ரொம்ப நல்லா இருக்குங்க."