கரண்ட் போனால் தொடங்கும் பாடம்

பிள்ளைகளைச் சொந்தமாக எழுதச் சொல்லிவிட்டு, அப்படி யாரும் எழுதிவிடாமல் கைடும் டியூஷனும் பார்த்துக்கொள்ள, வந்து சேரும் தாள்களை உட்கார்ந்து திருத்துவதுதான் இங்கிலீஷ் டீச்சர் வேலை. பஸ்ஸில் மடியில் தாள்கட்டோடு தூங்கி வழியும் சக டீச்சர்களான உங்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. பத்தாவது வரை தமிழ்வழி, பிறகு இங்கிலீஷ், அதற்குப் பிறகு பல வருடம் கனடா என்று சுற்றிவிட்டு, ஐம்பதை நெருங்கும் வயதில் சூலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்க வந்தவள் நான்.

எத்தனையாவது கேள்வி?

ஆலைத் தொழிலாளி ஒருவரின் மகள் தன் சின்ன வயதைப் பற்றி எழுதிய மெல்லிய புத்தகம் ஒன்று என்னிடம் இருந்தது. அதை வகுப்பில் சேர்ந்து படிக்கலாம், புதுச் சொற்களை எடுத்துக்கொள்ளலாம், பிறகு ஆளுக்கு ஒரு பக்கம் தங்கள் வாழ்க்கையிலிருந்து எழுதலாம் என்று முதல்வரிடம் சொன்னேன். கேள்வித்தாளில் இது எத்தனையாவது கேள்வி என்று கேட்டார். எந்தக் கேள்வியும் இல்லை என்றேன்.

இருந்தாலும் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடைக் கொடுத்தார். நிபந்தனை ஒன்றுதான். பெற்றோர் கூட்டத்தில் ஒரு பிள்ளை மேடையேறித் தன் பக்கத்தைப் படிக்க வேண்டும். கைதட்டு விழாவிட்டால் பீரியட் கணக்கு சாருக்குப் போய்விடும். நான் கதவைத் திறக்கும்போது பின்னாலிருந்து சொன்னார்: "சொந்தமா எழுதட்டுங்க மிஸ், வேண்டாங்கல. எல்லாரும் ஒரே மாதிரி சொந்தமா எழுதுனா திருத்தறதுக்கு லேசா இருக்குமுங்க."

ஒரே கிணறு

அவர் வாக்கு பலித்தது. முதல் வாரம் வந்த பக்கங்களில், வகுப்பில் பாதிப் பேர் ஏழு வயதில் கிணற்றில் விழுந்திருந்தார்கள். மாலை நேரம். தவளை கத்துகிறது. கயிற்றோடு ஒரு மாமா ஓடிவருகிறார். ஏர்ஃபோர்ஸ் குவார்ட்டர்ஸில் மூன்றாவது மாடியில் வளர்ந்த பையனும் விழுந்திருந்தான். அவனையும் அதே மாமாதான் தூக்கினார்.

முன்பெஞ்சு பூபதியை எழுப்பி, இந்தக் கிணறு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவன் ஒளிக்கவில்லை. டியூஷன் சென்டரில் இருந்தது. என் முகத்தைப் பார்த்து உதவ முன்வந்தான்: "கெணறு வேண்டாம்னாச் சொல்லுங்க மிஸ், பாம்பு கடிச்ச மாதிரியும் ஒண்ணு குடுத்திருக்காங்க."

வீட்டுக்குப் போன சொல்

அதற்குப் பிறகு வழியை மாற்றினேன். புத்தகத்திலிருந்து ஆளுக்கு ஒரு சொல். அதை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், அது அங்கே எதற்குப் பொருந்துகிறது என்று பார்த்துவர வேண்டும். தயங்கித் தயங்கி என்ற பொருளில் வரும் 'ரெலக்டன்ட்' பூபதிக்குக் கிடைத்தது. அப்பாவின் ஸ்கூட்டர் காலையில் அப்படித்தான் ஸ்டார்ட் ஆகிறது என்று வந்து சொன்னான். கிணற்றைவிட எவ்வளவோ மேல்.

கீர்த்தனாவின் வீட்டோடு ஒட்டித் தறிகுடோன். அப்பா, அம்மா இரண்டு பேரும் அங்கே விசைத்தறி ஓட்டுகிறார்கள். அதனால் 'டெஃபனிங்' என்ற சொல்லை, காது செவிடாகும் இரைச்சலை, அவளுக்கென்றே எடுத்து வைத்திருந்தேன். திங்கட்கிழமை அதைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டாள். அப்படி ஒன்று வீட்டில் இல்லையாம். பதிலுக்கு 'லல்' வேண்டும் என்றாள். இரைச்சலுக்கு நடுவே சட்டென்று விழும் அமைதி. ஏன் என்று கேட்டேன். "தறி ஓடுனாத்தான் மிஸ் தூக்கம் வரும். நின்னுபோச்சுன்னா எல்லாரும் முழிச்சுக்குவோம்."

விட்டுப்போன பக்கம்

அவள் எழுதிய பக்கத்தில் கிணறு இல்லை. கரண்ட் போனால் அப்பா சண்டையை ஆரம்பிப்பார், போன தடவை கரண்ட் வந்தபோது எந்த வார்த்தையில் நின்றதோ அங்கிருந்தே ஆரம்பிப்பார் என்று எழுதியிருந்தாள். மேடைக்கு அதைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

மறுநாள் அவளுடைய அம்மா பள்ளிக்கு வந்துவிட்டார். மகள் தமிழில் சொல்லிக் காட்டியிருக்கிறாள். வீட்டுச் சண்டையை மேடையில் படிப்பதா என்று கேட்கப்போகிறார், கணக்கு சார் ஜெயித்தார் என்று நினைத்தேன்.

"ஏனுங்க மிஸ், அவங்கப்பா பேசுனது மட்டும் நாலு வரி இருக்குதுங்க. நான் பேசுனது எங்கீங்க?"

அம்மா பேசிக் கேட்டதே இல்லை என்றாள் கீர்த்தனா. அம்மா அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் என்னிடம் விளக்கினார்: "கரண்ட் போனா அவருக்கு ஓய்வு, எனக்குச் சோறாக்கற நேரமுங்க. நாஞ் சொல்றதெல்லாம் தறி ஓடறப்பவே சொல்லிப்போட்டுப் போயிருவனுங்க."

மேடையில்

கீர்த்தனா அம்மாவிடம் கேட்டுக் கேட்டு அந்தப் பக்கத்தைத் திருப்பி எழுதினாள். கூட்டத்தன்று இங்கிலீஷில் படித்தாள். பெற்றோர்கள் கல்யாண மந்திரம் கேட்பதுபோல மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கைதட்டும் இல்லை. கணக்கு சார் என்னைப் பார்த்து அனுதாபமாகத் தலையசைத்தார்.

முதல்வருக்கே மனசு கேட்கவில்லை போலும். தமிழிலும் சொல்லச் சொன்னார். கரண்ட் போவதையும் அப்பா ஆரம்பிப்பதையும் சொல்லிவிட்டு, அம்மாவின் வரிக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் தறியை நிறுத்துங்கள், அந்தியூரில் அக்கா வீட்டுக்கு எல்லோரும் போய்வரலாம். இதை அம்மா தறிச் சத்தத்துக்குள் எத்தனையோ வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மூன்றாவது வரிசையில் அவளுடைய அப்பா எழுந்து நின்றார். பக்கத்தில் இருந்த மனைவியைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார்.

"எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே! கரண்ட் இருக்கறப்பச் சொல்லியிருப்பாளுங்க."

முதலில் தறிக்காரர்கள் தட்டினார்கள், அப்புறம் எல்லோரும்.

திங்கட்கிழமை கீர்த்தனாவிடம் விசாரித்தேன். "நேத்து தறிய நிறுத்தீட்டாங்க மிஸ். அந்தியூர் போய்ட்டு வந்தோம். பெரியம்மா கோழி அடிச்சாங்க. ராத்திரிதான் சத்தமில்லாம ஊட்ல ஒருத்தரும் தூங்கல."

வெள்ளிக்கிழமைப் பீரியட் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது என்றாலும், சொந்தக் குரலில் எழுதக் கற்றுக்கொடுக்க ஒரு நல்ல புத்தகமும் ஓரளவு பொறுமையான டீச்சரும் மட்டும் போதாது, அவ்வப்போது மின்வாரியமும் ஒத்துழைக்க வேண்டும்.