ஜனாதிபதி பாதை பார்க்க வந்த காலை

அந்த ஜனாதிபதியின் ஐந்து வருடம் முடிந்து, அவர் வீட்டுக்குப் போய்விட்டார். எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் இன்னும் அவரைத் திட்டுகிறார்கள். "வந்து பாத்திட்டுப் போனவர், ஒரு பாலம் கட்டித் தரல்லியே" என்பார்கள். நானும் பிளேன்டீயைக் குடித்தபடி தலையாட்டியிருக்கிறேன். அதை நினைத்தால் எனக்கு என்மீதே கோபம் வருகிறது.

அப்போது நான் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில், கரையோரப் பிரிவொன்றின் கிராம உத்தியோகத்தர். ஊர் வாயில் விதானை. வாவிக்கு மேற்கே படுவான்கரை. இரண்டு கரைக்கும் நடுவே பாதை ஓடும். பாதை என்றால் எங்களுக்குத் தெரு இல்லை. மிதவைகளின்மேல் பலகை அடித்து, இயந்திரம் பூட்டி ஓட்டுவது. நெல்மூட்டை, மோட்டார் சைக்கிள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகும் கர்ப்பிணி எல்லாம் அதில்தான். காற்று எழும்பினால் பாதை நின்றுவிடும். பிறகு சுற்றிப் போக வேண்டியதுதான், அரை நாள் போய்விடும்.

என் தங்கச்சி படுவான்கரையில் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தாள். பதினெட்டு வருடமாகக் காலையில் பாதை ஏறியவள். மாரி மாதங்களில் ஈரச் சேலையோடுதான் வகுப்புக்குள் போவாள். பாலம் வந்தால் ஆருக்கு முதலில் மூச்சு வரும் என்று கேட்டால் நான் அவளைத்தான் காட்டுவேன்.

பதவிக்கு வந்த இரண்டாம் வருடம் ஜனாதிபதி எங்கள் பக்கம் வந்தார். பாலம் கேட்டு எங்கள் பாதைத் துறையிலிருந்தும் இன்னோர் ஊர்த் துறையிலிருந்தும் மனுப் போயிருந்தது. எது முதலில் என்பதைத் தானே நேரில் பார்த்துச் சொல்வதாக அவர் அறிவித்திருந்தார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கரையைக் கூட்டுவித்தேன். மீன் விற்கிற பெண்களைக் கூடையோடு அப்பால் அனுப்பினேன். பாதைக்கு நீல நிறம் பூசினோம். போதாததற்கு, காலை ஏழு மணியிலிருந்து பத்து மணிவரை பாதை ஓடக்கூடாது என்றும் சொல்லிவிட்டேன். பொலிஸ்காரர் என்னிடம் கேட்டது வாகனம் நிறுத்த இடம் மட்டும்தான். பாதையை நிறுத்தச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.

முதல்நாள் தங்கச்சி தொலைபேசி எடுத்தாள்.

"அண்ணன், நாளைக்குப் பாதை ஓடாதாமே?"

"ஜனாதிபதி வாற நேரம் சனம் நெரிபட்டுக்கிட்டு நிண்டா ஊருக்கு மரியாதையா? பத்து மணிக்குப் பிறகு வா."

"நெரிபடுறதப் பாத்தாத்தானே அவர் பாலம் தருவார்?"

"உனக்கு அரசாங்க அலுவல் தெரியாது. பேசாம இரு."

அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

மறுநாள் காற்றே இல்லை. வாவி எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. ஜனாதிபதி கோட்டு இல்லாமல் சாதாரண சேட்டோடு வந்து, கரையில் கட்டிக் கிடந்த பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரிய அதிகாரிகளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். போய்வருவதில் சனத்துக்குச் சிரமம் உண்டா என்று சிங்களத்தில் கேட்டார்.

"சிரமம் ஒன்றும் இல்லை, சேர்" என்றேன்.

பொய் சொல்ல வேண்டுமென்று நினைத்துச் சொல்லவில்லை. யார் வீட்டுக்காவது போனால், பசியோடு இருந்தாலும் சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்கிறோமே, அப்படி வந்தது. மேலதிகாரி கேட்டால் எல்லாம் நல்லபடி என்று சொல்லியே பழகிய வாய்.

அவர் விடவில்லை. அக்கரையில் அவ்வளவு பேர் நிற்கிறார்களே என்று கேட்டார்.

"உங்களைப் பார்க்க வந்தவர்கள், சேர்."

அவர் சிரித்து, அக்கரையை நோக்கிக் கையசைத்தார். அங்கே பாதைக்குக் காத்து நின்ற சனமும் கையசைத்தது. அதற்குள் என் தங்கச்சியும் நின்றாள்.

இரண்டு மாதத்தில் பாலம் மற்றத் துறைக்குப் போனது. அந்த ஊர் விதானை ஒன்றையும் கூட்டவும் இல்லை, மறைக்கவும் இல்லையாம். செருப்பைக் கையில் பிடித்தபடி சேற்றில் நின்ற பிள்ளைகளை ஜனாதிபதி கண்ணால் பார்த்திருக்கிறார். அவர்களுக்குக் கிடைத்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அந்தச் செய்தி வந்த அன்று பின்னேரம் தங்கச்சி என்னிடம் கேட்டாள்.

"அவர் உங்களிட்ட என்ன கேட்டவர், அண்ணன்?"

"ஒண்டும் கேக்கல்ல" என்றேன். இந்தத் தடவை யோசித்துத்தான் சொன்னேன்.

அந்த ஜனாதிபதிக்குக் கடிதம் போட்டால் பதில் வரும் என்று பெயர் இருந்தது. அடுத்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை அப்படித்தான் வந்தது. நானும் மூன்று நான்கு தரம் தாள் எடுத்து உட்கார்ந்தேன். அன்று சொன்னது பிழை என்று எழுதினால், அதைச் சொன்னது யார் என்றும் எழுத வேண்டுமே. பென்சனுக்குக் கொஞ்சக் காலம்தான் இருந்தது. தாளை மடித்து வைத்துவிடுவேன்.

அவருடைய காலமும் முடிந்தது. புதிதாக வந்தவரின் ஆட்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்கிறார்கள். போன மாரியில் பாதை அடிக்கடி நின்றது. தங்கச்சிக்கு முழங்காலும் ஏலாமல் போய்விட்டது. இன்னும் ஏழு வருடச் சேவை இருக்க, ஓய்வு கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அவளுடைய கடைசி நாளில் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு நானும் பாதை ஏறினேன். நடு வாவியில் வைத்துச் சொன்னேன்.

"அவர் என்னிட்டக் கேட்டவர். நான்தான் சிரமம் இல்லையெண்டு சொன்னன். அக்கரையில நிண்ட உங்களையெல்லாம் அவரைப் பாக்க வந்த சனமெண்டு சொல்லிப்போட்டன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நல்லது என்றுகூட இருந்தது.

"அவருக்கு முன்னால பயத்தில சொல்லியிருப்பீங்க, அது போகட்டும். மறுகா, மற்றத் துறைக்குப் பாலமெண்டு செய்தி வந்த அண்டைக்கு நான் கேட்டன்தானே, அண்ணன். அப்ப எனக்கிட்டச் சொல்லியிருந்தா நானே ஒரு கடிதம் போட்டிருப்பன். அதுக்குப் பிறகும் மூணு வருஷம் அவர் இருந்தவர்."

பாதை கரையில் முட்டி நின்றது. என் கையிலிருந்த பையை அவளே வாங்கிக்கொண்டு இறங்கினாள்.