பாதாம் யார் வாயில்?

அடுப்பில் கொதிக்கும் பாத்திரத்திலிருந்து ஓர் உருளைக்கிழங்கைக் கரண்டியால் எடுத்து, ஊதி, நின்றபடியே வாயில் போட்டுக்கொள்கிறாள் டோர்த்தே. இதுதான் அவளுடைய மதியச் சாப்பாடு. ஒரு கை சிவப்பு முட்டைகோஸைக் கிளறுகிறது, மறு கை ஜன்னல் விளிம்பைத் துடைக்கிறது. நேற்று துடைத்த ஜன்னல்தான்.

ஸ்வென்போர் துறைமுகத்துக்குப் போகும் தெருவில் அவள் சலூன் வைத்திருக்கிறாள். கிறிஸ்துமஸ் நெருங்கினால் ஊரிலுள்ள தலைகளெல்லாம் அவள் கைக்கு வந்துவிடும். "நீங்களும் கொஞ்சம் உக்காருங்களேன்" என்று யாராவது கெஞ்சினால், "நான் உக்காந்தா உங்க தலையை யாரு பாப்பா? கண்ணாடியா?" என்பாள். அவளுக்கென்று ஒரு முக்காலி அங்கே இருக்கத்தான் செய்கிறது. அதன்மேல் எப்போதும் துண்டுகளை அடுக்கி வைத்திருப்பாள்.

வீட்டிலும் அதே கதைதான். பண்டிகை இரவில் எல்லோரும் வாத்து இறைச்சியில் கை வைக்கும்போது, குழம்பு ஆறிவிட்டது என்று எழுவாள். கிறிஸ்துமஸ் மரத்தில் ஏற்றிய மெழுகுவத்தி சாய்கிறது என்று எழுவாள். ஒன்றும் கிடைக்காவிட்டால், மரத்தடியில் தீயணைக்கத் தண்ணீர் வாளி இருக்கிறதா என்று பார்க்க எழுவாள். "இவளுக்கு எதுக்கு நாற்காலி? வித்துடலாம்" என்பான் கணவன் ப்ரேபென். எல்லோரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். ஆனால் தான் உட்கார்ந்த நிமிஷம் ஏதாவது ஒன்று தப்பிப்போகும், பண்டிகையே தன்னால் கெட்டுப்போகும் என்று அவளுக்கு உள்ளூர ஒரு பயம். பாவம், அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அன்றும் பண்டிகை நாள்தான். பிற்பகலில் பால்சோற்றுக்காகப் பாதாமைத் தோலுரித்து நறுக்கிக்கொண்டிருந்தாள். முழுசாகப் போட வேண்டிய ஒன்றை மட்டும் கத்திக்குத் தப்ப வைத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து மகள் சீனெ, கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள்.

"அம்மா, போன கிறிஸ்துமஸ் ராத்திரி பூரா உன் முதுகைத்தான் பாத்தேன். இன்னிக்கு ராத்திரி நீ கடைசி வரைக்கும் எங்களோட உக்காரணும். நடுவுல எந்திரிச்சே, அடுத்த வருஷத்திலேருந்து நாங்க யெப்பெவோட அம்மா வீட்டுக்குப் போயிடுவோம்."

யெப்பெ அவள் புருஷன். பெட்டிகளைப் பிடித்தபடி, தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல வாசலில் நின்றான்.

"எந்திரிக்கலை, போதுமா? முதல்ல கோட்டைக் கழட்டு, தரையெல்லாம் சொட்டுது" என்று டோர்த்தே துணி தேடி ஓடினாள்.

இரவு உட்கார்ந்துவிட்டாள். "ஏப்ரனையாவது கழட்டும்மா" என்றதற்கு, "அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று முறைத்தாள். நாற்காலியின் நுனியில், முள்மேல் இருப்பவள்போல இருந்தாள். குழம்பை ப்ரேபென் சூடாக்கிக் கொண்டுவந்தான். சாய்ந்த மெழுகுவத்தியை யெப்பெ நிமிர்த்தினான். ஒருமுறை அவள் பாதி எழுந்தாள். சீனெ பார்த்தாள். மறுபடி உட்கார்ந்தாள்.

குளிர்ந்த பால்சோறும் சூடான செர்ரிக் குழம்பும் வந்தன. சோற்றுக்குள் ஒளித்திருக்கும் ஒரே ஒரு முழுப் பாதாம் யார் வாயில் அகப்படுகிறதோ அவருக்குப் பன்றி உருவத்தில் செய்த இனிப்பு பரிசு. அகப்பட்டாலும் சொல்லக் கூடாது. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, கிண்ணம் காலியாகும்வரை மற்றவர்களைத் தின்னவைத்து வேடிக்கை பார்க்க வேண்டும். ப்ரேபென் அதில் கைதேர்ந்தவன்.

"மாமா, வாயைத் திறங்க."

"மாட்டேன். என் வாய், என் இஷ்டம்."

"அப்பா, உங்க கன்னம் உப்பியிருக்கு!"

"அது பொறந்ததிலேருந்தே அப்படித்தான். உன் புருஷனைப் பாரு, பேச்சையே காணோம். திருட்டு முழி வேற."

மூன்றாவது தட்டும் போயிற்று. ஒருவரும் எழவில்லை. சீனெ சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கி, அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்துவிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சாய்ந்ததே இல்லை.

சும்மா இருக்கத் தெரியாத டோர்த்தேயின் கை ஏப்ரன் பைக்குள் துழாவியது. விரலில் வழவழவென்று ஒன்று தட்டுப்பட்டது. அந்த முழுப் பாதாம். சோற்றில் போட மறந்தேவிட்டாள். இத்தனை வருஷம் பயந்தது நடந்தேவிட்டது. கால்கள் எழுவதற்குத் தயாராகிவிட்டன. சொல்லிவிட்டால் தீர்ந்தது: மன்னிப்புக் கேட்கலாம், ஆட்டத்தை முடிக்கலாம், பாத்திரம் கழுவப் போகலாம்.

தோளில் மகளின் தலை சூடாகக் கனத்தது.

டோர்த்தே இருமுவதுபோலக் கையை வாய்க்குக் கொண்டுபோனாள். பாதாமை நாக்கால் தள்ளிக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, ப்ரேபெனிடம் தட்டை நீட்டினாள்.

"எனக்கு இன்னொரு கரண்டி போடு."