லோயிஸின் பதினாறு முனை டாய்லி

லோயிஸுக்கு வட்டம் என்றால் வட்டமாக இருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் அவளிடம் பேச்சுவார்த்தையே கிடையாது. தோசை கோணலாக வந்தால் சாப்பிட்டுவிடுவாள். என் புடவை ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருந்தால் சிரித்துவிட்டுச் சும்மா இருப்பாள். ஆனால் அவள் மேஜைக்கு விரிக்கவென்று பின்னிய குரோஷா டாய்லி ஒரு நூலளவு முட்டை வடிவமாகிவிட்டால், அன்றைக்கு அவள் பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்க முடியாது.

குஷாய்குடா பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ‘காயில்’ என்னும் கம்பிச் சுருள் சுற்றும் பகுதியில் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த மேஜை. நான் நீலா. முடி மாதிரி செப்புக் கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றுவதுதான் வேலை. பகல் முழுக்கச் சுற்றிய கை மாலையிலாவது ஓயக் கூடாதா? சிகந்திராபாத் திரும்பும் கம்பெனி பஸ்ஸில் ஏறியதுமே லோயிஸின் பையிலிருந்து நூற்கண்டும் கொக்கி ஊசியும் வெளியே வந்துவிடும். மௌலாலி தாண்டுவதற்குள் ஒரு சுற்றை முடித்துவிடுவாள். எனக்குப் பார்த்தாலே விரல் வலிக்கும்.

அவர்கள் வீட்டில் டாய்லி போடாத இடம் என்றால் மின்விசிறியைத்தான் சொல்ல வேண்டும். ரேடியோ மேல், கூஜா மேல், நாற்காலியில் தலை சாயும் இடத்தில், கை வைக்கும் இடத்தில், எங்கும் டாய்லி. ஒருமுறை என் சடையில் ஒன்று மாட்டிக்கொண்டு மாரேட்பள்ளி பஸ் நிறுத்தம் வரை என்னோடு வந்துவிட்டது. பார்த்தவர்கள் அதை ஏதோ புது நாகரிகம் என்று நினைத்திருப்பார்கள்.

1974 ஏப்ரலில் லோயிஸுக்கு இருபத்தொன்பது முடிந்திருந்தது. நாக்பூரில் கணக்கு இலாகா வேலையிலிருந்த ஒரு மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்குப் பெண் பார்க்க வருவதாகவும், பிடித்தால் அன்றே பாக்கு மாற்றிவிடலாம் என்றும் எழுதியிருந்தார்கள். நல்ல இடம்தான். 'பெண்ணுக்குக் கைவேலை தெரியுமா?' என்று கடிதத்தில் கேட்டிருந்தார்கள். போதாதா, லோயிஸின் அம்மா ஜெயசுந்தரிக்கு? நடு மேஜைக்கு முப்பது அங்குலத்தில், பதினாறு முனை வைத்து, இதுவரை யாரும் பார்த்திராத டாய்லி ஒன்று வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார். லோயிஸும் பின்னி முடித்துவிட்டாள். ஆனால் முகத்தில் கல்யாணக் களை மருந்துக்கும் இல்லை.

காரணம் எனக்குத் தெரியும். அந்தக் காரணம் எங்களுக்கு இரண்டு இருக்கை பின்னால் உட்கார்ந்து தினமும் அதே பஸ்ஸில் வந்துகொண்டிருந்தது.

எபனேசர் எங்கள் கம்பெனி ஸ்டோர்ஸில் கிளார்க். லோயிஸ் வீட்டாரைப் போலவே திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம், அதே சர்ச்சு. ஸ்டோர்ஸ் சீட்டுகளை எழுத அவருக்குக் காப்பியிங் பென்சில்தான் கொடுப்பார்கள். காய்ந்திருக்கும்போது சாதாரணப் பென்சில் கோடு மாதிரியே இருக்கும். ஈரம் பட்டால் ஊதா மையாகிவிடும். யாரும் அழித்துத் திருத்திவிடக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. மனிதர் முனையை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதி, நாக்கே நாவற்பழம் தின்ற நிறத்தில் இருக்கும். இரண்டு வருஷத்தில் அவர் லோயிஸிடம் பேசியது மொத்தம் மூன்று பேச்சு: 'ஜன்னலை மூடட்டுமா?', 'ஜன்னலைத் திறக்கட்டுமா?', 'மழை'. அதற்கே லோயிஸ் ஒரு வாரம் பூரித்துப்போய் இருப்பாள்.

"நீயே கேட்டுடேன்," என்றேன் ஒருநாள்.

"போடி! அவுக வாயத் தெறந்து கேக்கட்டும். நாக்பூர்க்காரங்க பாக்கு மாத்துமுன்ன கேட்டா, சரின்னு சொல்லுவேன். கேக்கலன்னா எனக்கு நாக்பூர்தான்."

ஆகவே விஷயம் இதுதான்: ஞாயிறு நாலு மணிக்குள் எபனேசர் வாயைத் திறக்க வேண்டும். எனக்கோ அவரைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது.

வியாழக்கிழமை பஸ்ஸில் லோயிஸ் வேறொரு கவலையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சின்ன டாய்லி என்றால் தட்டையோ டப்பா மூடியையோ வைத்து வட்டம் வரைந்து, அதன்மேல் ஊசி குத்தி இழுத்து நிறுத்திவிடலாம். முப்பது அங்குலத்துக்கு எந்தத் தட்டு இருக்கிறது? எங்கள் வீட்டுக் கல்யாண அண்டாவின் மூடிகூடப் போதவில்லை. கண் அளவில் குத்தினால் முட்டைதான். பின்னால் எபனேசர் இருமினார்.

வெள்ளிக்கிழமை மாலை பஸ்ஸில் ஏறும்போது அவர் கையில் சுருட்டிய சார்ட் தாளும், ஒரு பெரிய தெர்மோகோல் பலகையும் இருந்தன. வெளிநாட்டுப் பெட்டியில் வந்த கழிவுத் தெர்மோகோல்தான்; ஆனாலும் கேட் பாஸ் வாங்கி, 'உடைந்தது, உபயோகமற்றது' என்று எழுதிக் கையெழுத்து போட்டுத்தான் வெளியே கொண்டுவந்திருந்தார். கேட்டில் காவல்காரர் தட்டிப் பார்த்து, "கைக்கு?" என்று ஹைதராபாத் உருதுவில் கேட்டாராம். எதற்கு என்று அந்த உத்தமர் எப்படிச் சொல்வார்? பாஸை நீட்டிவிட்டு நழுவியிருக்கிறார். தாளில் ஆணியும் நூலும் கட்டி முப்பது அங்குல வட்டம் வரைந்து, பதினாறாகப் பிரித்து, ஒவ்வொரு முனைக்கும் நம்பர் போட்டிருந்தார். லோயிஸ் அதைப் பிரித்து, கோட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். அப்படி ஒரு வட்டம். நடுவில் மட்டும் தாள் ஏனோ ரப்பரால் தேய்த்துத் தேய்த்துப் பஞ்சாகியிருந்தது.

"ரொம்ப நன்றி," என்றாள்.

"ஜன்னலை மூடட்டுமா?" என்றார் எபனேசர். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மதியம் லோயிஸ் வீட்டு மொட்டைமாடியில் வேலை தொடங்கியது. ஜவ்வரிசியைக் கரைத்துக் காய்ச்சி, மஸ்லின் துணியில் வடிகட்டி, இரண்டு சொட்டு நீலம் விட்டாள் லோயிஸ். டாய்லியை அதில் முக்கி, முறுக்காமல் துண்டில் வைத்து அழுத்தி எடுத்தாள். தெர்மோகோலின் மேல் எபனேசரின் தாள், தாளின் மேல் ஈர டாய்லி. துருப்பிடிக்காத பித்தளைக் குண்டூசிதான் ஆகும். முதலில் நடு, பிறகு எதிரும் புதிருமாக நாலு முனை, பிறகு இடைவெளிகளில் ஒவ்வொன்றாக. நான் ஒவ்வொரு கண்ணியாக இழுத்துக் கொடுத்தேன், அவள் குத்தினாள். அறுபத்துநாலாவது ஊசி இறங்கியபோது டாய்லி அச்சு அசல் வட்டமாக நின்றது. லோயிஸ் கைதட்டிக் குதித்தாள்.

குதித்து முடிக்குமுன் வட்டம் ஊதாவாகத் தொடங்கியது.

முதலில் ஓரம். பிறகு பதினாறு கோடுகள். பிறகு முனைக்கு முனை நம்பர். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊதா நூலுக்குள் ஏறி ஓடியது.

"ஏட்டி! நீலத்தக் கொட்டிட்டியா?" ஜெயசுந்தரி அம்மா படியேறி வந்து அலறினார். "நாளைக்கு நாலு மணிக்கு ஆளு வாராவ! ஒரு சொட்டுன்னு சொன்னேன்ல!"

எனக்குப் புரிந்துவிட்டது. "நீலமில்லம்மா. காப்பியிங் பென்சில்."

பாவம் எபனேசர். டாய்லியை இஸ்திரி போடுவார்கள் என்று நினைத்திருப்பார். ஈரத்தோடு குத்திக் காயவைப்பார்கள் என்று அவருக்கு யார் சொன்னது? லோயிஸுக்கு வந்த கோபத்தில் ஊசிகள் நாலா பக்கமும் பறந்தன. "ரெண்டு வருசம் பேசாம இருந்து இந்தப் பாடு படுத்துதாரே!" என்று டாய்லியை உருவி எடுத்தாள். ஜெயசுந்தரி அம்மா அதைப் பிடுங்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினார்.

லோயிஸ் தாளைக் கிழிக்கக் கையை வைத்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

நடுவில், பஞ்சாகத் தேய்ந்திருந்த இடத்தில், ஊதா எழுத்துக்கள் வந்துகொண்டிருந்தன. கொஞ்சம் பரவியிருந்தாலும் வாசிக்க முடிந்தது.

'மிஸ் லோயிஸ், நாக்பூர்க்காரரை வேண்டாம் என்று சொல்வீர்களா? நான் உங்கள் வீட்டில் வந்து கேட்கலாமா? வி. எபனேசர், 18-4-74.'

எழுதியிருக்கிறார். பயந்து ரப்பரால் அழித்திருக்கிறார். கண்ணுக்குத் தெரியாமல் மிச்சமிருந்த பென்சிலைக் கஞ்சி கிளப்பிவிட்டது. பெண் கேட்கும்போதும் தேதி போட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறாரே மனுஷன்! நான் சிரித்த சிரிப்பில் தண்ணீர்த்தொட்டி மேலிருந்த புறாக்கள் பறந்துவிட்டன. லோயிஸ் சிரித்தாள், அழுதாள், என்னைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். நானும் சுற்றினேன். கீழே விழாதது அதிர்ஷ்டம்.

பிறகு திடீரென்று நின்று, "ஆனா அழிச்சிட்டாரேட்டி. அழிச்சது அழிச்சதுதானே?" என்றாள்.

"நக்கோ பாபா, வேண்டாம்! என் உயிரை வாங்காதே," என்றேன். "நாளைக்கு அவரையே கேள்."

குழாயடியில் எவ்வளவு கசக்கியும் ஊதா முழுதாகப் போகவில்லை. வெளுத்துக் கத்தரிப்பூ நிறத்தில் நின்றது. மறுபடி கஞ்சியில் முக்கி, இந்த முறை கண் அளவிலேயே குத்தினாள். நன்றாக முட்டையாக வந்தது. நான் பயந்துகொண்டே சுட்டிக்காட்டினேன். "இருந்துட்டுப் போட்டும்," என்றாள் லோயிஸ். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததும், இந்தப் பெண் இனி நாக்பூர் போகமாட்டாள் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

மறுநாள் தமிழ் ஆராதனை முடிகிற நேரத்துக்கு நான் சர்ச்சு வாசலில் போய் நின்றுகொண்டேன். இதைத் தவறவிட எனக்கென்ன பைத்தியமா? எபனேசர் வெளியே வந்ததும் லோயிஸ் நேரே போய்த் தாளை விரித்தாள்.

"இது உங்க கையெழுத்தா?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. "அழிச்சிட்டேனே!"

"கஞ்சில வந்துட்டு. எதுக்கு அழிச்சீங்க?"

"தைரியம் இல்ல." தாளின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்து, "டாய்லி கெட்டுப்போச்சா?" என்றார்.

"டாய்லி கெடக்கு. நாலு மணிக்கு அவங்க வாராவ. நீங்க மூணு மணிக்கு வாங்க. வாயால கேக்கணும். எழுத்தெல்லாம் செல்லாது."

மூன்று மணிக்கு அவர் வரவில்லை. மூன்றரைக்கும் வரவில்லை. நான் அவரை மனதாரத் திட்டிக்கொண்டிருந்தேன். பட்டுப்புடவை கட்டி உட்கார்ந்திருந்த லோயிஸ் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நாற்பதுக்கு வாசலில் சைக்கிள் மணி கேட்டது. ஏப்ரல் வெயிலில் கோட்டு போட்டுக்கொண்டு, குளித்த மாதிரி நனைந்து, எபனேசர் உள்ளே வந்தார்.

"ஸ்தோத்திரம் டீச்சர்." ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்துவதால் ஜெயசுந்தரி அம்மாவைச் சர்ச்சில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"வாங்க தம்பி. என்ன, சர்ச்சுல ஏதும் கூட்டமா?"

"இல்ல டீச்சர்."

"பின்ன?"

அவர் தண்ணீர் கேட்டார். குடித்தார். இன்னொரு தம்ளர் கேட்டார். சமையலறைத் திரைக்குப் பின்னால் லோயிஸின் நகம் என் கையில் பதிந்துகொண்டிருந்தது. கடிகாரம் மூன்று ஐம்பது.

"லோயிஸை எனக்குத் தரணும்னு கேக்க வந்தேன்."

ஜெயசுந்தரி அம்மா பொத்தென்று உட்கார்ந்தார். "இன்னும் பத்து நிமிசத்துல ஆளு வாராவளே! இன்னைக்கா கேக்கது? ஏட்டி, லோயிஸு!"

லோயிஸ் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். "இவுகளுக்குச் சரின்னு சொல்லுங்கம்மா," என்றாள். அவ்வளவுதான். முகமெல்லாம் சிரிப்பு.

"ஐயோ, நாக்பூர்லருந்து வந்தவங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? அவங்களுக்கு யாரு பதில் சொல்லுவா?"

வாசலில் டாக்சி வந்து நின்றது. கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது. ஜெயசுந்தரி அம்மா எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. எபனேசர் தம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். கோட்டுப் பித்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டார்.

"நீங்க உள்ளயே இருங்க, அத்தை. நான் போய்ச் சொல்லுதேன்," என்று வாசலுக்குப் போனார்.