அப்பாவின் ஐந்து துவக்குகள்

துவக்குக் குழாய் துடைக்கும் எண்ணெய்க்கு, மிஞ்சிப் பழுத்த வாழைப்பழத்தின் மணம். கெபெக் மாகாணத்து லாசாலில் நாங்கள் இருந்த வீட்டின் நிலக்கீழ் அறையிலிருந்து ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை அந்த மணம் படியேறிச் சமையலறைக்கு வந்து, அம்மா தாளிக்கும் வெங்காயத்தோடு கலந்து, கொடியில் காயும் என் பள்ளிக்கூடச் சட்டைவரைக்கும் ஏறிவிடும். திங்கட்கிழமை வகுப்பில் பக்கத்துப் பிள்ளை மூக்கைச் சுழித்துக்கொண்டு என்ன பழம் கொண்டுவந்திருக்கிறாய் என்று பிரெஞ்சில் கேட்டால், வாழைப்பழம் என்று சொல்லிவிடுவேன். வீட்டில் துவக்கு இருக்கும் கதை வெளியில் போகக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. துப்பாக்கி என்ற சொல்லைப் பிற்பாடு புத்தகங்களில்தான் படித்தேன். எங்கள் வீட்டில் அது "துவக்கு" மட்டும்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில ஆண்டுகள் அவை. அப்பா டோர்வல் விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர். பத்து ஆண்டுக்கு மேலாக ஒரே வேலை, ஒரே முதுகுவலி. கூட வேலை செய்த ஜில் என்ற கெபெக்காரர்தான் அவரைத் துவக்குப் பக்கம் இழுத்தவர். அப்பா வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, அனுமதிப் பத்திரம் எடுத்து, பழைய துவக்குகளை ஒவ்வொன்றாக வாங்கத் தொடங்கினார். ஐந்தோடு நிறுத்திக்கொண்டார். வேட்டைக்கு ஒரே ஒரு தடவை ஜில்லோடு காட்டுக்குப் போய், மானைப் பார்த்துவிட்டு, சுடாமல் திரும்பி வந்தார். ஏன் சுடவில்லை என்று நான் கேட்டதற்கு, அது தன்பாட்டில் நின்றது என்றார்.

ஐந்தில் முதலாவது ஒரு "த்ரீ நொட் த்ரீ". பிரிட்டிஷ் காலத்து நீளத் துவக்கு. ஊரில் பொலிஸ்காரர் தோளில் போட்டுக்கொண்டு திரிந்த அதே வகை. அப்பாவுக்கு இருபது வயதில், சைக்கிளில் போனவரை மறித்து, வெயிலில் முழங்காலில் இருத்தி, பிடரியில் அந்த வகைத் துவக்கின் குழாயை வைத்துக்கொண்டு அரைநாள் விசாரித்தார்களாம். பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்வதைப் போலத்தான் அதை அவர் சொல்வார். அந்த வகையைத் தேடிப் பிடித்து முதலில் வாங்கியதற்கு அவர் காரணம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அதன் பதிவுப் பத்திரத்தை, எங்கள் குடியுரிமை அட்டைகளை வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே வைத்திருந்தார். அதை எடுக்கும்போதெல்லாம் ஒன்று சொல்வார், "அங்க துவக்கு வைச்சிருந்தவன் எங்களிட்ட அடையாள அட்டை கேட்டவன். இஞ்ச துவக்குக்கே அடையாள அட்டை இருக்குது." சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார்.

துடைக்கும் நாளில் நிலக்கீழ் அறையில், இடுப்பில் கட்டும் பழைய சாரம் ஒன்றை விரித்து, இரும்பு அலுமாரியைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்து வெறுமையா என்று இரண்டு தரம் பார்த்து, வரிசையாகக் கிடத்துவார். எப்போதும் ஒரே பக்கம் மேலே தெரியும்படிதான் கிடத்துவார். குழந்தைகளைக் குளிப்பாட்டிப் படுக்கவைக்கிறவரைப் போல அதில் ஒரு கவனம் இருக்கும். பத்து வயதில் எனக்குத் துணி பிடிக்கும் வேலை கிடைத்தது. இரும்பில் விரல் படக் கூடாது என்பதுதான் அந்த அறையின் சட்டம். விரலில் உப்பு இருக்கிறது, உப்புப் பட்ட இடத்தில் துரு வரும், துரு வந்தால் துவக்கு செத்தது என்பார். ஒரு தடவை என் பெருவிரல் அடையாளம் குழாயில் தெரிந்ததற்கு, என் வாழ்க்கையில் முதலும் கடைசியுமாக என்னை ஏசினார். நான் அழுதுகொண்டு மேலே போனேன். அம்மா தோசையை என் பக்கம் தள்ளினார்.

அலுமாரி திறந்திருந்தால் அம்மா அந்த அறைக்குள் காலடி வைக்காதவர் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் பக்கத்து மூலையில் இருந்தும், துவக்கு வெளியே இருக்கும் நேரத்தில் இறங்க மாட்டார். அப்பாவுக்குக் கேட்கும்படி, ஆனால் அப்பாவைப் பாராமல் சொல்வார், "துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இவர் இஞ்ச வந்து அதையே வாங்கிப் பூட்டி வைக்கிறார்." இரவில் அவருக்கு நித்திரை வராது, அது ஊரிலிருந்தே கூட வந்த வியாதி. பின்னேரங்களில் சோபாவில் இருந்தபடி கண்ணயர்வார், கதவு சாத்தும் சத்தத்துக்கு எழும்பிவிடுவார். அந்தத் துவக்குகளால்தான் அம்மா நித்திரை கொள்வதில்லை என்று நான் முடிவுகட்டி, சில நாட்கள் அப்பாவோடு கோபமாகவும் இருந்தேன்.

நவராத்திரியின் ஒன்பதாம் நாள் எங்கள் வீட்டில் ஆயுதபூசை. நான் பள்ளிக்கூடத்தால் வரும்போது சரஸ்வதி படத்துக்கு முன்னால் என் பிரெஞ்சுப் புத்தகங்கள், அம்மாவின் தையல் இயந்திரம், அப்பாவின் சுத்தியல், குறடு கிடக்கும் ஆயுதப் பெட்டி, கார்த் திறப்புக் கொத்து, விமான நிலையத்தில் போடும் இரும்பு முனைச் சப்பாத்து எல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்து அடுக்கியிருக்கும். அவலும் கடலையும் கிண்ணத்தில் இருக்கும். ஒருமுறை, கீழே இருக்கிறதுகளையும் கொண்டுவந்து வைத்தால் என்ன என்று கேட்டுவிட்டேன். அதுகளை ஏன் இதற்குள் இழுக்கிறாய் என்று அம்மா வெடுக்கென்று சொன்னார். அப்பா கடலை மென்றுகொண்டு சுவரைப் பார்த்தார்.

இன்னொன்றும் நினைவிருக்கிறது. அந்தப் பூசைக்குப் பிறகு வரும் மாத முதல் ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் வாழைப்பழ மணம் வராது. அலுமாரி திறக்கப்படாது. வேலை கூட என்று அப்பா சொல்வார். விமான நிலையத்தில் வேலை எப்போதும் கூடத்தான். ஆனாலும் நான் நம்பினேன். துணி பிடிக்கும் வேலை ஒரு மாதம் இல்லையென்ற கவலைதான் எனக்கு.

பிறகு நான் வளர்ந்து, வேலைக்குப் போய், கர்க்லாண்டில் வீடு வாங்கி, இருவரையும் என்னோடு கூட்டிவந்தேன். இரும்பு அலுமாரியும் வந்தது. அப்பா தனியாகவே துடைத்தார். எனக்கு நேரமும் இல்லை, ஆசையும் இல்லை. சென்ற ஆண்டுக்கு முந்திய குளிர்காலத்தில் அப்பா காலமானார். செத்தவீட்டில் அம்மாவின் நெற்றிப் பொட்டை அழித்தார்கள். நான் ஒரே பிள்ளை என்பதால் ஐந்து துவக்கும் என் பெயருக்கு வந்தன. அதற்காக நானும் வகுப்புக்குப் போய், என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் இளைய பையன்களுக்கு நடுவே இருந்து, அனுமதிப் பத்திரம் எடுத்தேன். ஓராண்டு முடிவில் செய்யும் ஆட்டைத் திவசம் முடிந்ததும் ஐந்தையும் விற்றுவிடுவது என்று முடிவு. அம்மா அதற்கு ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பழைய துவக்குகளைச் சேர்க்கும் ஒருவர் வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

அவர் வருவதற்கு முதல்நாள், சனிக்கிழமை காலை, அப்பாவின் சாரத்தையே விரித்து ஐந்தையும் கிடத்தினேன். அவர் கிடத்தும் பக்கத்துக்கு மாறாக ஒன்றைத் தற்செயலாகத் திருப்பியபோதுதான் கண்டேன்: விசைக்கு மேலே, இரும்பும் மரமும் சேரும் இடத்தில், சின்ன விரல்நுனி அளவில் ஒரு வட்டத் துரு. மற்றதிலும் அதே இடம், அதே அளவு. ஐந்திலும் இருந்தது. த்ரீ நொட் த்ரீயில் மட்டும் ஆழமாக அரித்துக் குழி விழுந்திருந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. வயது போய்க் கண் தெரியாமல் விட்டுவிட்டாரே, யாரோ ஒருவர் இதைப் பார்த்து அப்பாவைக் கவனமில்லாத மனுசன் என்று நினைக்கப்போகிறாரே என்று வருத்தமாக இருந்தது. மெல்லிய இரும்புப் பஞ்சை எண்ணெயில் நனைத்துத் தேய்க்கத் தொடங்கினேன். இரும்பில் விரல் படாமல், அவர் பழக்கியபடியே. இரண்டு மணித்தியாலம் போயிருக்கும். நான்கு துவக்கும் அடையாளமே இல்லாமல் மினுங்கின. எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

ஐந்தாவதாக த்ரீ நொட் த்ரீயை மடியில் எடுத்தபோது, துவக்கு வெளியே இருக்கையில் ஒருநாளும் இறங்காத அம்மா படியில் நின்றார். துரு பிடித்துப்போயிற்று, எடுக்கிறேன் என்றேன்.

"அது துருவில்லைப் பிள்ளை, நான் வைச்ச பொட்டு," என்றார்.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே இருந்துவிட்டார். பிறகு நான் கேட்கக் கேட்கச் சொன்னார். ஒவ்வோர் ஆயுதபூசைக்கும், நான் பள்ளிக்கூடம் போன பிறகும், கர்க்லாண்டுக்கு வந்தபின் நான் வேலைக்குப் போன பிறகும், அப்பாவைக் கொண்டு அலுமாரியைத் திறப்பித்து, ஐந்துக்கும் சந்தனத்தில் குழைத்த குங்குமம் வைத்திருக்கிறார். இந்த வீட்டில் ஒருவரைப் பார்த்தும் குழாய் நீளக் கூடாது என்று அவற்றிடமே கும்பிட்டுக் கேட்டிருக்கிறார். துவக்கைக் கும்பிட்டதை மகளுக்குச் சொல்ல வெட்கமாம்.

ஈரக் குங்குமம் இரும்பைத் தின்னும் என்று அப்பாவுக்குத் தெரியாதா என்று கேட்டேன்.

"தெரியாமலோ. முதல் வருசமே சொன்னவர். அப்ப துடைச்சுவிடுங்கோ எண்டனான். ஒரு மாசம் கிடக்கட்டும், நீர் நித்திரை கொள்ளும் எண்டார்."

என் பெருவிரல் அடையாளத்துக்கு ஏசிய மனிதர். அவருடைய பிள்ளை என்று காட்டுவதற்காக, அவர் இருபது ஆண்டாகத் துடைக்காமல் விட்டதை நான் ஒரு காலைப்பொழுதில் துடைத்துப்போட்டேன். கையில் இருந்த இரும்புப் பஞ்சை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது, அம்மா அழவில்லை. மற்றதெல்லாம் நல்ல வடிவாக மினுங்குது என்று என்னைத் தேற்றினார்.

மறுநாள் வந்தவர் நான்கையும் எடுத்துக்கொண்டு, இவ்வளவு பழசு இவ்வளவு சுத்தமாக இருந்து தான் கண்டதில்லை என்று அப்பாவைப் புகழ்ந்துவிட்டுப் போனார். த்ரீ நொட் த்ரீயை நான் கொடுக்கவில்லை. லாசால் வீட்டின் நிலக்கீழ் அறையை இப்போது யாரோ வாடகைக்குப் பிரித்துவிட்டார்களாம். ஜில் எங்கே என்று தெரியாது. நீளத் துவக்குகளுக்கு அப்பா வைத்திருந்த அந்தப் பதிவுப் பத்திரத்தையும் எவரும் இப்போது கேட்பதில்லை, பதிவு முறையே மாறிவிட்டது. சாரம் கிழிந்துவிட்டது.

இந்த ஆண்டு ஆயுதபூசைக்கு நான் லீவு எடுத்தேன். அலுமாரியைத் திறந்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். தான் இனி வைக்கக் கூடாது, நீ வை என்றார். பொட்டு வைத்துப் பழக்கமில்லாத கையால் சந்தனத்தைக் குழைத்து, அந்தக் குழியிலேயே வைத்தேன். அம்மா தள்ளி நின்று கும்பிட்டார். அடுத்து வந்த மாத முதல் ஞாயிற்றுக்கிழமை நான் எண்ணெய்ப் போத்தலைத் திறக்கவில்லை. அன்று மத்தியானம் நான் இரண்டு தரம் கதவைச் சாத்தியும் அம்மா எழும்பாமல் நித்திரை கொண்டார்.