தெக்லாவின் பெயர்நாளில் ஊர் பார்க்கப் போனவள்

சமையலறையில் வானொலியின் சத்தம் திடீரென்று பெரிதானது.

"இன்று செப்டம்பர் இருபத்து நான்கு. தெக்லா என்று பெயர் கொண்ட அனைவருக்கும் பெயர்நாள் வாழ்த்துகள்" என்று ஒரு பெண்குரல் வீடு முழுக்கச் சொன்னது.

படுக்கையறையில் தலை வாரிக்கொண்டிருந்த கலியோப்பி சீப்பை நிறுத்தினாள். வானொலி தானாகப் பெரிதாகாது. அதன் காதைத் திருகியவன் அவள் கணவன் மெலேத்திஸ்.

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது, மெலேத்தி!"

"மழை வருமான்னு சொல்லுவான்னு வச்சேன்."

"மழைய ஜன்னல்ல பாரு."

தெக்லா அவளுடைய ஒரே தங்கை. இவர்கள் இருக்கும் ஆர்கோஸிலிருந்து ஒரு பேருந்து பிடித்தால் வந்துவிடுகிற நாஃப்பிலியோவில் அவள் வீடு. ஐந்து வருடமாக இருவருக்கும் பேச்சு இல்லை. அம்மா இறந்த நாற்பதாம் நாள் பூசைக்குக் கோதுமை வேகவைத்தவள் கலியோப்பி. வெந்த கோதுமையை இரவெல்லாம் துணியில் பரப்பி ஈரம் போகக் காயவைக்க வேண்டியவள் தெக்லா. கோயிலில் சர்க்கரையும் மாதுளையும் சேர்த்து எல்லோருக்கும் கைநிறையக் கொடுத்தார்கள். எல்லோரும் அம்மாவின் ஆத்மாவை நினைத்துச் சாப்பிட்டார்கள். சாயங்காலத்துக்குள் பாதித் தெருவுக்கு வயிறு போயிற்று. பாதிரியாருக்கும் போயிற்று.

"நீ குழைய வேகவச்ச" என்றாள் தெக்லா. "நீ காயப்போடாம தூங்கிட்ட" என்றாள் கலியோப்பி. பாதிரியார் இரண்டு நாளில் தேறிவிட்டார். அக்காளும் தங்கையும் தேறவில்லை.

ஒரு புனிதரின் திருநாள்தான் அந்தப் பெயர் கொண்டவர்களுக்கெல்லாம் பெயர்நாள். அன்று யாரும் யாரையும் அழைப்பதில்லை. கதவைத் திறந்து வைப்பார்கள். வருகிறவர்கள் வருவார்கள். யார் வந்தாலும் தட்டு நீட்டியே ஆகவேண்டும், பகையாளி வந்தாலும். வருடத்தில் அந்த ஒரு நாள் தங்கையின் கதவு தனக்கும் திறந்திருக்கிறது என்பது கலியோப்பிக்குத் தெரியும். தெரிந்தே ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் அடுப்பைத் தேய்த்துக் கழுவினாள். மூத்தவள் முதலில் இறங்கிப் போவதா?

இந்த வருடம் டாக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைத்து வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் கேட்டார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் இன்று அந்த வாசற்படியை மிதித்துவிட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாள். அதற்காகவே வந்தாள் என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது.

நல்ல செருப்பை மாட்டிக்கொண்டு சமையலறைக்கு வந்தாள்.

"நாஃப்பிலியோ போறேன். ஊர் பார்க்க."

மெலேத்திஸ் காபிக் கோப்பையைக் கீழே வைத்தான். "ஊர் பார்க்கவா? நாப்பது வருஷமா போயிட்டு வர்றியே."

"பல் டாக்டரைப் பார்த்திருக்கேன். கோர்ட்டைப் பார்த்திருக்கேன். கோட்டையை எங்க பார்த்தேன்?"

"சரி, இரு. சட்டை மாத்திட்டு வர்றேன்."

"தனியா பார்க்கணும்."

"தனியா வெளிநாட்டுக்காரங்கதான் சுத்துவாங்க."

"அப்ப இன்னிக்கு நான் வெளிநாட்டுக்காரி."

அவன் எழுந்தான். ஒரு சின்னப் புட்டியில் வீட்டு ஆலிவ் எண்ணெயை ஊற்றி, மூடியை இறுக்கி, அவள் கைப்பைக்குள் வைத்தான். அது எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

நாஃப்பிலியோவில் இறங்கியதும் ஓர் இனிப்புக் கடையில் அரைக் கிலோ பாதாம் இனிப்பு வாங்கினாள்.

"தெக்லாவுக்கா?" என்றான் கடைக்காரன்.

"எனக்கு. நடந்தா பசிக்கும்."

"பசிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, பெட்டிக்கு நீல நாடா கட்டி, மேலே ஒரு பூ முடிச்சும் போட்டுக் கொடுத்தான். இன்று எந்தத் தெருவில் போனாலும் அந்த நாடா அவளுக்கு முன்னால் போகும்.

முதலில் பாறையில் செதுக்கிய சிங்கத்தைப் பார்க்கப் போனாள். அது ஊருக்கு வெளியே, கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெரிய சிங்கம். படுத்துத் தூங்குகிறது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அதற்குமேல் அதில் பார்க்க ஒன்றும் இல்லாததால் கல்லறைத் தோட்டத்துக்குள் போனாள்.

அம்மா கடைசிக் காலத்தில் தெக்லா வீட்டில்தான் இருந்தாள். அங்கேயே அடக்கமானாள். ஐந்து வருடமாக வராத மகள், குறை கண்டுபிடிக்கலாம் என்ற நம்பிக்கையோடு அந்தக் கல்லின் முன்னால் நின்றாள். பளிங்கு கழுவியிருந்தது. சாமந்தி புதிதாக இருந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு காய்ந்த இலைகூட இல்லை. கலியோப்பிக்குக் கோபம் கோபமாக வந்தது. பிறகு, அம்மாவின் புகைப்படத்தைப் பார்த்ததும், கோபம் எங்கே போயிற்று என்று தெரியாமல் அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். விளக்கில் எண்ணெய் பாதிதான் இருந்தது. கைப்பையிலிருந்து புட்டியை எடுத்து விளிம்பு வரை ஊற்றினாள். சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, ஊர் பார்க்கக் கிளம்பினாள்.

புனித ஸ்பிரிதோன் கோயில் வாசலில், நாட்டின் முதல் ஆளுநரைச் சுட்ட குண்டு சுவரில் பட்ட தடத்தைக் கண்ணாடி போட்டு வைத்திருக்கிறார்கள். தங்கை வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தச் சந்து வழியாகத்தான் போயிருக்கிறாள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது மூக்கு கண்ணாடியில் முட்டும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள். தெக்லாவின் வீடு அங்கிருந்து இரண்டு திருப்பம்தான்.

"கலியோப்பியா அது?"

தெக்லாவின் கீழ்வீட்டு ஸ்மாரோ, ரொட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் பார்வை முதலில் பெட்டிக்குப் போய், பிறகுதான் முகத்துக்கு வந்தது.

"நானேதான்."

"கடவுளே! வந்துட்டியா! வா, வா, மேல வா. அவ காலையிலேருந்து தட்டைத் துடைச்சுக்கிட்டே இருக்கா."

"யாரு?"

"யாருன்னு கேக்குறியே!"

"நான் ஊர் பார்க்க வந்தேன், ஸ்மாரோ. குண்டுத் தடம் பார்க்குறேன்."

"அந்தப் பெட்டி?"

"வழியில சாப்பிட."

"பூ முடிச்சு போட்டா?"

"கடைக்காரனைக் கேளு."

ஸ்மாரோ ரொட்டியைக் கை மாற்றினாள். "சரிம்மா. கோட்டையையும் பார்த்துடு. வெயில் ஏறினா படி சுடும்" என்று சொல்லிவிட்டு, ரொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, தன் வயதுக்குப் பொருந்தாத வேகத்தில் தெக்லா வீட்டுப் பக்கம் படியேறிப் போனாள்.

இனி கோட்டைக்குப் போகாமல் இருக்க முடியாது. பலமிதி கோட்டைக்கு ஏறுகிற படிகளை எண்ணினவர்கள் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். கலியோப்பி எண்ணவில்லை. மூச்சு வாங்கும்போதெல்லாம் கடலைப் பார்ப்பதுபோல நின்றாள். கடலைப் பலமுறை பார்த்தாள். அவளைக் கடந்து போன வெளிநாட்டுக்காரி ஒருத்தி, தனியாக முதுகுப்பையோடு ஏறியவள், பெட்டியைப் பார்த்துச் சிரித்து ஏதோ கேட்டாள். கலியோப்பி மூடியைக் கொஞ்சம் தூக்கி ஒரு பாதாம் இனிப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு, இரண்டு விரலால் நாடாவை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

உச்சியில் சீட்டுக் கொடுக்கிறவன் எட்டிப் பார்த்தான். "கோட்டைக்குள்ள தெக்லா யாரும் இல்லையேம்மா."

"தெரியும்."

"படி தப்பிட்டீங்களோன்னு நெனச்சேன்."

"சீட்டக் குடுப்பா."

உள்ளே சுவர்கள் இருந்தன. ஒரு சிறை இருந்தது. அதற்குள் குனிந்து போய், குனிந்து வெளியே வந்தாள். மதிலின் மேலிருந்து பழைய ஊர் முழுவதும் தெரிந்தது. ஓட்டுக் கூரைகளுக்கு நடுவே ஒரு மாடியில் நீலத் துணி காய்ந்தது. அது தெக்லாவின் மேசை விரிப்பு என்று அவளுக்குத் தோன்றியது. இத்தனை உயரத்திலிருந்து எந்தத் துணியும் யாருடையதாகவும் இருக்கலாம். அவள் அந்தத் துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், துறைமுகத்தைப் பார்க்கவில்லை.

கீழே இறங்கி, பாறையைச் சுற்றிக் கடலோரமாகப் போகிற பாதையில் நடந்தாள். ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். எழுந்தாள். சதுக்கத்தில் வழுக்கும் பளிங்கில் மெதுவாகக் குறுக்கே போய், குறுக்கே திரும்பி வந்தாள். பார்க்க வேண்டியதெல்லாம் தீர்ந்துவிட்டது. சாயங்காலமும் வந்துவிட்டது. மீதி இருந்தது ஒரு வாசற்படி.

தெக்லா வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஸ்மாரோவும், துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பந்தெலிஸும் மடியில் சின்னத் தட்டுகளோடு உட்கார்ந்திருந்தார்கள். தெக்லா தண்ணீர்க் கோப்பைகளோடு நடுவில் நின்றாள். இளைத்திருந்தாள். முடிக்குச் சாயம் போடுவதை விட்டிருந்தாள். கலியோப்பியின் நெஞ்சு, டாக்டர் அவ்வளவு நேரம் கேட்ட அந்த நெஞ்சு, ஒருமுறை நின்றதுபோலிருந்து, பிறகு மறுபடி அடித்தது.

"பல்லாண்டு வாழணும்" என்றாள் படியிலிருந்தே, கடைக்காரியிடம் சொல்வதுபோல.

"வாங்க, உக்காருங்க" என்றாள் தெக்லா. கூடப் பிறந்தவளை 'வாங்க' என்றாள்.

பெட்டியை வாங்கி மேசையில் வைத்தாள். பந்தெலிஸ் பக்கம் திரும்பினாள். "இவங்க ஆர்கோஸ்லேருந்து வந்திருக்காங்க. நம்ம ஊரைச் சுத்திப் பார்க்க."

பந்தெலிஸ், கலியோப்பியின் கல்யாணத்தில் மேசைமேல் ஏறி ஆடி அந்த மேசையை உடைத்தவர். அவர் எழுந்து தலை குனிந்தார். "ரொம்ப சந்தோஷம். எங்க ஊர் எப்படி இருக்கு?"

"படி அதிகம்" என்றாள் கலியோப்பி.

"கோட்டை?"

"கல்லு நெறைய இருக்கு."

"குண்டுத் தடம்?"

"பார்த்தேன். சின்னது."

தெக்லா தட்டை நீட்டினாள். சர்க்கரைப் பாகில் ஊறிய கசப்பு ஆரஞ்சுத் தோல். வருடம் முழுவதும் கிட்டங்கியில் ஆரஞ்சு தரம் பிரிக்கிறவள் கலியோப்பி. நல்ல பழம் என்று வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டது. சொல்லவில்லை.

"சிங்கம் பார்த்தாங்களாமா?" என்று தெக்லா ஸ்மாரோவிடம் கேட்டாள்.

"அதைத்தான் மொதல்ல பார்த்தேன்" என்றாள் கலியோப்பி.

தெக்லாவின் கையில் தட்டு அசையாமல் நின்றது. "அதுக்குப் பக்கத்துல கல்லறைத் தோட்டம் இருக்கு."

"இருக்கு."

"மத்தியானம் நான் போயிருந்தேன். யாரோ விளக்குல எண்ணெயத் தளும்பத் தளும்ப ஊத்தி வச்சிருக்காங்க. திரி முங்கி அணைஞ்சு கெடந்துச்சு." அவள் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் தேவலை. "அஞ்சு வருஷத்துல ஒரு நாள்கூட அணைஞ்சதில்ல."

பந்தெலிஸ் நிலைமையைச் சரிசெய்ய நினைத்து, "அதுக்கென்ன, அன்னிக்குக் கோதுமைகூட..." என்று ஆரம்பித்தார். ஸ்மாரோ அவர் காலை மிதித்தாள். அவர் தண்ணீர் குடித்தார்.

இப்போது பொய் சொல்லலாம். ஊர் பார்க்க வந்தவர்கள் யாருடைய விளக்கிலும் எண்ணெய் ஊற்ற மாட்டார்கள். காலையிலிருந்து காப்பாற்றி வந்த மானம் அந்த ஒரு பொய்யில் அப்படியே மிஞ்சும். கலியோப்பி கரண்டியைத் தட்டில் வைத்தாள்.

"நான்தான் ஊத்தினேன்."

"அளவு தெரியாதா?"

"பாதிதான் இருந்துச்சுடி. அம்மா ராத்திரி இருட்டுல இருந்துடுவாளோன்னு..." அவள் மடியிலிருந்த தட்டை நேராக்கினாள். "நானே அணைச்சிட்டேன்."

தெக்லா ஜன்னலைப் பார்த்தாள். "கொஞ்சம் எண்ணெய எடுத்துக் கீழ ஊத்திட்டு மறுபடி ஏத்திட்டேன். எரியுது." பிறகு, யாரிடமோ சொல்வதுபோல, "எண்ணெய் நல்ல எண்ணெய்" என்றாள்.

"மெலேத்திஸ் குடுத்தது."

"வாசனையிலயே தெரிஞ்சுச்சு. கல்லறைத் தோட்டக்காரன்கிட்டகூடச் சொன்னேன், இது ஆர்கோஸ் எண்ணெய்னு." அவள் சீசாவிலிருந்து இன்னொரு துண்டை எடுத்து அக்காளின் தட்டில் வைத்தாள். "சாப்பிடு. எளைச்சுப் போயிட்ட."

"நானா? உன் மூஞ்சியப் பாரு."

"உன் மூஞ்சியத்தான் பார்க்குறேன்."

ஸ்மாரோ சத்தமாக அழுதாள். மதுபானம் தொண்டையில் எரிகிறது என்று காரணம் சொன்னாள். அவள் கோப்பையில் அதுவரை யாரும் எதையும் ஊற்றியிருக்கவில்லை. தெக்லா போய் ஊற்றினாள்.

அதன்பின் அவர்கள் கோதுமையைப் பற்றிப் பேசவில்லை. மெலேத்திஸின் முதுகுவலி, மழை, இந்த வருட ஆரஞ்சு, இவைதான் பேச்சு. பந்தெலிஸ் மட்டும் கொடுத்த வேலையை விடாமல், அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை திறக்காது என்று கலியோப்பியை எச்சரித்துக்கொண்டிருந்தார்.

கடைசிப் பேருந்துக்கு நேரமாயிற்று. தெக்லா வாசல் வரை வந்தாள். கட்டிப்பிடிக்கவில்லை. படிக்கட்டு விளக்கைப் போட்டுவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கடல் நடுவுல இருக்கிற கோட்டையப் பார்க்கலையா நீ?"

"இல்ல."

"படகுல போகணும். காலையில சீக்கிரம் வரணும். ஒரே நாள்ல இந்த ஊரைப் பார்த்து முடிக்க முடியாது, அக்கா."

"ஞாயித்துக்கெழமை படகு உண்டா?"

"உண்டு. தனியா ஏறினா மயக்கம் வரும். ரெண்டு பேர் வேணும்."

"சரி" என்று கலியோப்பி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அவள் கடைசிப் படியைத் தாண்டும் வரை மேலே வெளிச்சம் இருந்தது. அதற்குப் பிறகுதான் தெக்லா கதவைச் சாத்தினாள்.