கடைசி ஆள் முடிக்கும்வரை அணையாத சர்வர்

இன்று மாலை, ஒரு சர்வர் காத்திருப்பதைப் பார்த்தேன்.

(இயந்திரம்தான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை!)

போடியில் ஓர் ஏலக்காய் ஏல மையத்தில் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மதியமே கரண்ட் போய்விட்டது. நாலரைக்கு யூபிஎஸ் கத்தத் தொடங்கியது. பாட்டரி தீர்வதற்குள் சர்வரை மூடியாக வேண்டும்.

பதிவுப் பிரிவு ஜாபர் அண்ணன் பதறினார். "ஸ்டாப்பக் குடு தாயி, வெரசா! ஸ்டாப்பு, ஷட்டவுனு, ரெண்டும் ஒண்ணுதான?"

இல்லவே இல்லை! எங்கள் மென்பொருளில் ஸ்டாப் கொடுத்தால் உள்ளே இருப்பவர்களை அந்த நொடியே வெட்டிவிடும். பாதிப் பதிவு காணாமல் போகும். ஷட்டவுன் கொடுத்தால் புதிதாக யாரையும் உள்ளே விடாது. உள்ளே இருப்பவர்கள் முடிக்கும்வரை நிற்கும்.

(உங்கள் மென்பொருளில் வேறு மாதிரி இருக்கலாம். கையேட்டைப் படியுங்கள். நான் நாவல் போலப் படிப்பேன்!)

ஷட்டவுன் கொடுத்தேன்.

திரையில் ஒரே வரி: இன்னும் ஒருவர் இணைப்பில் இருக்கிறார்.

மலைமேல் தோட்டத்திலிருந்து செல்வி அக்கா! இதுவரை வேறு ஆள் பெயரில் போன அவருடைய காய், நாளைதான் முதன்முறையாகச் சொந்தப் பெயரில் ஏலத்துக்கு வருகிறது. பதிவு ஐந்து மணியோடு முடிகிறது.

போன் செய்தேன்.

"அக்கா, முடிச்சிட்டீங்களா?"

"எங்கிட்டு? மேகம் எறங்கிருச்சு, டவரு வந்து வந்து போகுது. மூடிட்டு மறுபடி தொறக்கவா ஆத்தா?"

"அய்யோ, மூடிறாதீங்க! வெளிய போனா திரும்ப உள்ள விடாது!"

ஜாபர் அண்ணன் கத்தினார். "பாட்டரி செவப்புக்கு வந்திருச்சு! யாரு உள்ள?"

"செல்வி அக்கா."

பெயரைக் கேட்டதுதான் தாமதம், ஜாபர் அண்ணன் பாய்ந்தார். ஓடிப்போய் பிரிண்டர், ஃபேன், மற்ற கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றின் வயரையும் பிடுங்கினார். பிறகு என் போனைப் பறித்து, "யம்மா செல்வி, பதறாம அடி! நாங்க இருக்கோம்!"

நாங்கள் இருவரும் வியர்த்துக்கொண்டிருந்தோம். சர்வர் மட்டும் அவசரப்படவில்லை.

எங்கோ, என்றோ இதை உருவாக்கிய ஒருவர், உள்ளே இருப்பவரை வெட்டாதே என்று அதற்குச் சொல்லி வைத்திருக்கிறார். அவருக்கு போடியைத் தெரிந்திருக்காது. மேகத்துக்குள் நின்று பெயரைத் தட்டிக்கொண்டிருந்த செல்வி அக்காவையும் தெரியாது. ஆனாலும் சர்வர் அக்காவுக்காக நின்றது!

திரையில் இருந்த அந்த ஒரே வரி மறைந்தது. ஃபைல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டு, சர்வர் தானே அணைந்தது.

ஆறரைக்குக் கரண்ட் வந்ததும் பட்டியலைத் திறந்தேன். கடைசி வரியில் செல்வி அக்கா. சொந்தப் பெயர்!

போனில் சொன்னேன். அவர் முடிக்கும்வரை சர்வர் காத்திருந்ததையும் சொன்னேன்.

"எனக்காகவா நின்னுச்சு? நாளைக்கு வர்றப்ப அதுக்கு என்ன ஆத்தா கொண்டாரட்டும்?"

பின்னாலிருந்து ஜாபர் அண்ணன்: "ஒரு புது பாட்டரி கொண்டாரச் சொல்லு!"